மிடில்டவுனில் ஒரு மிருதங்கம்

ஒரு வாரப் பத்திரிகை சம்பாதித்த காசில் மிருதங்க வித்வானுக்குச் சம்பளம் போட்டார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் நம்பமாட்டார். 'பத்திரிகை லாபம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்குப் புரையேறிவிடும். ஆனால் நடந்தது. நம்மூரில் இல்லை. அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் என்கிற சின்ன ஊரில்.

நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் ஏறக்குறைய நடுவில், ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் ஊர். தமிழ்ப்படுத்தினால் நடுவூர். அங்கே 1831-ல் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் ஒரு கல்லூரி ஆரம்பித்து, தங்கள் சபையின் மூலபுருஷர் ஜான் வெஸ்லியின் பெயரை வைத்தார்கள். அதுதான் வெஸ்லியன் பல்கலைக்கழகம். பெயர்தான் பெரிசு, மாணவர் எண்ணிக்கை சில ஆயிரத்தைத் தாண்டாது. நம்மூர்க் கலைக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு ஷிஃப்டுக்கே அவ்வளவு பேர் இருப்பார்கள்.

இந்தச் சின்னப் பல்கலைக்கழகத்துக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. 1949-ல் ஒரு பதிப்பகத்தை விலைக்கு வாங்கியது. அந்தப் பதிப்பகம் போட்டுக்கொண்டிருந்த சரக்கு 'மை வீக்லி ரீடர்' - பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான வாரப் பத்திரிகை. அமெரிக்காவில் அந்தத் தலைமுறையில் அதைப் படிக்காத குழந்தையே அபூர்வம். லாபம் கொட்டியது. 1965-ல் அந்தப் பதிப்பகத்தை ஜெராக்ஸ் கம்பெனிக்கு விற்றார்கள். ஆமாம், ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு நாம் தெருமுனையில் க்யூ நிற்கிறோமே, அதே ஜெராக்ஸ்தான். ரொக்கமாக வாங்காமல் சுமார் 4 லட்சம் ஜெராக்ஸ் ஷேர்களாக வாங்கிக்கொண்டார்கள். ஜெராக்ஸ் ஷேர் ராக்கெட் மாதிரி ஏறிக்கொண்டிருந்த காலம். மாணவர் தலைக்கு இத்தனை டாலர் என்று கணக்குப் பார்த்தால், நாட்டிலேயே முன்வரிசைப் பணக்காரக் கல்லூரிகளில் ஒன்றாகிவிட்டது வெஸ்லியன்.

பி.காம். படித்தவன் என்பதால் ஷேர் சமாசாரம் வந்ததும் கொஞ்சம் நின்றுவிட்டேன். மன்னிக்கவும். பாட்டுக்கு வருகிறேன். ஆனால் ஒன்று: கலை வளர்ந்த கதையைச் சொல்கிறவர்கள் ராஜாவைச் சொல்வார்கள், ரசிகரைச் சொல்வார்கள், பாலன்ஸ் ஷீட்டை மட்டும் சொல்லமாட்டார்கள். நான் சொல்லிவிட்டேன்.

பணம் இருந்தால் மட்டும் போதுமா? அதைச் செலவழிக்கத் தெரிந்த ஆசாமிகள் வேண்டும். வெஸ்லியனில் இருந்தார்கள். டேவிட் மெக்காலஸ்டர் என்று ஒருவர். 1947-ல் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர். நவஹோ என்ற செவ்விந்தியர்களின் பாட்டுகளை ஆராய்ந்தவர். ரிச்சர்ட் வின்ஸ்லோ என்று இன்னொருவர், இசையமைப்பாளர். புதுசாக எதைப் பார்த்தாலும் 'உள்ளே வா' என்று கூப்பிடுகிற குணம். நாலரை நிமிஷம் பியானோ முன்னால் சும்மா உட்கார வைத்து, அதையும் ஒரு இசை என்று சாதித்தாரே ஜான் கேஜ், அவர்கூட 1960-61-ல் இங்கே வந்து தங்கியிருந்தார். அவருடைய 'சைலன்ஸ்' புத்தகத்தை 1961-ல் வெளியிட்டதும் வெஸ்லியனின் பதிப்பகம்தான்.

அதே 1961-ல் ராபர்ட் பிரவுன் வந்து சேர்ந்தார். நம் கதையின் விதை இவர்தான். லாஸ் ஏஞ்சலிஸில் மான்டில் ஹூட் என்ற பேராசிரியரிடம் படித்தவர். ஹூட் ஒரு வித்தியாசமான வாத்தியார். 'வேறு நாட்டு இசையை ஆராயணுமா? முதலில் அதை வாசிக்கக் கற்றுக்கொள். இரண்டு மொழி பேசுகிறவன் மாதிரி இரண்டு இசையும் பேசு' என்பது அவர் கட்சி. பிரவுன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஐம்பதுகளின் கடைசியில் சென்னைக்கு வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, மிருதங்கம் கற்றுக்கொண்டார். பிறகு மிருதங்கத்தைப் பற்றியே ஆராய்ச்சி எழுதி 1965-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆடியோ கடைகளில் தனி ஷெல்ஃப் வைத்து 'வேர்ல்ட் மியூசிக்' என்று எழுதினார்களே, அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று பிரவுனைத்தான் சொல்வார்கள்.

அவருக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர் டி. ரங்கநாதன். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். அதைவிடப் பெரிய அறிமுகம் ஒன்று உண்டு: வீணை தனம்மாளின் பேரன். அக்கா, நாட்டியத்தில் ஈடு இணை இல்லாத பாலசரஸ்வதி. தம்பி, புல்லாங்குழல் டி. விசுவநாதன். பெரியம்மா, சித்தி பெண்கள் பிருந்தா, முக்தா. அம்மா ஜெயம்மாள் பாடினால் பாலசரஸ்வதி அபிநயம் பிடிப்பார். ஒரே குடும்பத்தில் இத்தனையா என்று மலைக்க வேண்டாம். அந்த வீட்டில் பாடத் தெரியாத ஆசாமியைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகவேண்டும். தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் வந்தது. வேண்டிய சட்டம்தான். அதற்கு முன்னும் பின்னும் நாட்டியம் 'கௌரவமான' வீட்டுப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. நல்லதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பாற்றிக் கொடுத்த குடும்பங்களைத் திண்ணையோடு நிறுத்திவிட்டு, கலையை மட்டும் கூடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனோம். பாலசரஸ்வதி அதற்கு வளைந்து கொடுக்கவில்லை. சிருங்காரத்தைச் சலவை செய்து தர மறுத்தார். அவருடைய அருமை தெரிந்த ரசிகர்கள் இங்கே இல்லாமல் இல்லை. மியூசிக் அகாடமி 1973-ல் சங்கீத கலாநிதி கொடுத்தது. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கும் பெருமைக்குமாகச் சேர்த்து அந்தக் குடும்பத்துக்கு ஒரு நிலையான இடத்தைக் கொடுத்தது கனெக்டிகட் நடுவூர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1962-ல் பாலசரஸ்வதி முதல் தடவையாக அமெரிக்கா போனார். வெஸ்லியனிலும் தங்கிச் சொல்லிக்கொடுத்தார். 1963-ல் ரங்கநாதனை வெஸ்லியன் வேலைக்கே எடுத்துக்கொண்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் 'ஆர்ட்டிஸ்ட் இன் ரெஸிடென்ஸ்' அவர்தான். அதாவது உள்ளுறைக் கலைஞர். பட்டம் கேட்கவில்லை, 'எந்த யுனிவர்சிட்டியில் எம்.ஏ.?' என்று கேட்கவில்லை. விரல் பேசினால் போதும் என்றார்கள். நம்மூரில் ஒரு குமாஸ்தா வேலைக்கு எத்தனை சர்டிபிகேட்டுக்கு அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டியிருந்தது என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

(அவருடைய சம்பளச் செக்கில் குழந்தைகள் பத்திரிகையின் பங்கு எத்தனை சென்ட் என்று எந்த ஆடிட்டரும் பிரித்துச் சொல்லமுடியாது. எல்லாம் ஒரே கஜானாதானே!)

ஒருவர் போனதும் கதவு திறந்துகொண்டது. அறுபதுகளில் கே.வி. நாராயணசுவாமி போனார். ராம்நாட் கிருஷ்ணன் போனார். கிருஷ்ணன் பாட, ரங்கநாதன் மிருதங்கம் வாசிக்க, 'வித்வான்' என்ற பெயரில் 1968-ல் நான்சச் கம்பெனி போட்ட இசைத்தட்டு இன்றைக்கும் ரசிகர்களின் பொக்கிஷம். நிதானம் என்றால் என்ன என்று அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிருஷ்ணனின் சகோதரர் ராம்நாட் ராகவனும் அங்கே மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்கீத பூஷணம் முடித்த எஸ். ராமநாதன், வெஸ்லியனில் சொல்லியும் கொடுத்தார், சிலப்பதிகார இசையை ஆராய்ந்து டாக்டர் பட்டமும் வாங்கினார்.

இந்த ராமநாதனிடம் எழுபதுகளின் தொடக்கத்தில் வீணை கற்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கிடார் வாசிப்பதில் உலகப் புகழ். பெயர் ஜான் மெக்லாஃலின். அதே வெஸ்லியனில் படித்துக்கொண்டிருந்த வயலின்காரர் எல். சங்கர். (நம் சினிமா இசையமைப்பாளர் எல். வைத்தியநாதனின் தம்பி என்றால் சட்டென்று புரியும்.) இவர்களோடு ஜாகீர் உசேன், விக்கு விநாயக்ராம், நம் ராம்நாட் ராகவன். சேர்ந்து 'சக்தி' என்ற குழு. 1975-ல் பதிவான அவர்களுடைய முதல் இசைத்தட்டைப் போட்டால், இன்றைய ஃப்யூஷன் பையன்கள் எல்லாம் எங்கிருந்து ஆரம்பித்தார்கள் என்று தெரிந்துவிடும். ஆக, ஒரு வீணை வகுப்புக்கு இவ்வளவு தூரம் கை நீளும்.

இனி ஹிக்கின்ஸ். இவரைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் சபாக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

ஜான் ஹிக்கின்ஸ் 1939-ல் பிறந்தவர். வெஸ்லியனில் 1962-ல் பி.ஏ. மேற்கத்திய பாணியில் பாடப் பழகிய கனமான குரல். பிரவுனின் வகுப்பில் நம் சங்கீதம் காதில் விழுந்தது, ஆள் விழுந்துவிட்டார். 1964-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகை வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்து, விசுவநாதனிடம் பாட்டு கற்க ஆரம்பித்தார். அடுத்த வருஷமே, 1965-ல், திருவையாறு தியாகராஜ ஆராதனை மேடையில் பாடினார். யோசித்துப் பாருங்கள். காவிரிக்கரை. வருஷக்கணக்காகச் சாதகம் பண்ணியவர்களே தொண்டை வறளும் மேடை. வேஷ்டி கட்டிய ஆறடி வெள்ளைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து, ராகம் பிசகாமல், தெலுங்கு வார்த்தை சிதையாமல் பாடினால் கூட்டம் என்ன ஆகும்? 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று பெயர் சூட்டிவிட்டது. நம் ஜனங்கள் அன்பு வந்தால் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.

வேடிக்கைக்காகக் கொடுத்த பட்டம் என்று நினைத்தவர்கள் அவருடைய 'எந்தரோ மகானுபாவுலு'வைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். என் அபிப்பிராயம், அதைவிட ஒசத்தி அவருடைய 'கிருஷ்ணா நீ பேகனே'. தனம்மாள் வீட்டுச் சொத்தான அந்த நிதானம், அவசரமே இல்லாத கமகம், அப்படியே இருக்கும். உச்சரிப்பில் எங்கேயாவது லேசாக ஒரு அமெரிக்க வாசனை வரும். வரட்டுமே! நம்மவர்கள் தெலுங்கைப் பாடும்போது வராத வாசனையா?

பாட்டோடு நிறுத்தவில்லை. பரதநாட்டியத்தின் இசையைப் பற்றி எழுதி 1973-ல் வெஸ்லியனில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்கு முன்பே கனடாவில் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 1971-ல் இந்திய இசைப் பிரிவை ஆரம்பித்தார்; கூடவே மிருதங்கம் திருச்சி சங்கரன். 1978-ல் தாய்வீடான வெஸ்லியனுக்கே திரும்பி, பேராசிரியராகவும் அங்குள்ள கலை மையத்தின் இயக்குநராகவும் ஆனார்.

அந்தக் கலை மையம் என்பது ஒரு கட்டடம் இல்லை, பதினொன்று. 1973-ல் திறந்தார்கள். நியூயார்க்கில் ஃபோர்டு ஃபவுண்டேஷன் கட்டடத்தைக் கட்டிய கெவின் ரோஷ், ஜான் டிங்கலூ ஜோடியின் வேலை. சுண்ணாம்புக் கல்லைப் பெரிய பெரிய பாளமாக அடுக்கி, அலங்காரமே இல்லாமல் கட்டியிருக்கிறார்கள். போட்டோவில் பார்த்தால், பிரம்மாண்டமான குழந்தை ஒன்று விளையாடிவிட்டுப் போட்ட பில்டிங் செட் மாதிரி தெரிகிறது. கட்டடக் கலைஞர்கள் புகழ்கிறார்கள். எனக்கு நம்மூர் ஹவுசிங் போர்டு ஞாபகம் வருகிறது. அது என் கண்ணின் குறையாக இருக்கலாம்.

உள்ளே இருப்பதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. க்ரோவல் கச்சேரிக் கூடம், 414 இருக்கைகள். நாடகத்துக்கு ஒரு அரங்கம், ஓவியத்துக்குக் காட்சிக்கூடம், இசை வகுப்புகளுக்கும் சாதகத்துக்கும் தனி ஸ்டுடியோக்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டமாட்டார் என்ற உத்தரவாதத்தோடு சாதகம் செய்ய ஒரு அறை! ஒண்டுக் குடித்தனத்தில் வயலின் கற்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆலின் நூலகத்தில் உலக இசைக்கென்றே ஒரு ஆவணக் காப்பகம். இந்த வளாகத்தில் நடந்த கச்சேரிகளின் ஒலிநாடாக்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம் வித்வான்களின் எத்தனையோ அபூர்வக் கச்சேரிகள் மாமாக்களின் பீரோக்களில் பூஞ்சை பிடித்துப் போன கதை உங்களுக்கே தெரியும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 'வேர்ல்ட் மியூசிக் ஹால்'. நாற்காலியே கிடையாது. படிப்படியாக மேடை, மேலே தரைவிரிப்பு. எல்லாரும் சம்மணம் போட்டுத் தரையில்தான். பேன்ட் இறுக்கமாகப் போட்டுக்கொண்டு போனால் அவஸ்தை. அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பது ஜாவா தீவின் 'கமலான்' - வெண்கலக் கோங்குகளும் தட்டு வாத்தியங்களுமாக ஒரு பெரிய சம்சாரம். 1964-65-ல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் இந்தோனேசியா அரங்கத்தில் வாசிக்கக் கொண்டுவந்த செட்டை வெஸ்லியன் வாங்கிப் போட்டுவிட்டது. 1972-ல் ஜாவாவிலிருந்து சுமர்சாம் வந்து அதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஆப்பிரிக்க மேளத்துக்கு 1969-ல் கானாவிலிருந்து ஏப்ரகாம் அட்ஸென்யா வந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் கற்பித்தார்; ஒத்திகைக் கூடம் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இந்தப் பக்கம் இப்படி என்றால் அந்தப் பக்கம் ஆல்வின் லூசியர் என்று ஒரு மகானுபாவர். தலையில் எலெக்ட்ரோடுகளை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார். மூளையின் மின்னலையே ஸ்பீக்கர் வழியாகப் போய் மேளங்களை அதிர வைக்கும். 1965-ல் செய்து காட்டினார். மூளை இல்லாதவர்களால் வாசிக்கவே முடியாத ஒரே வாத்தியம் இதுதான். 2011 வரை வெஸ்லியனில் வாத்தியாராக இருந்தார். ஒரு வகுப்பில் 'ததிங்கிணதொம்', இன்னொரு வகுப்பில் மூளை மேளம். நடுவில் காரிடாரில் காபி. இந்தக் கலவைதான் அந்த இடத்தின் ருசி என்று தோன்றுகிறது.

எழுபதுகளில் ஷேர் மார்க்கெட் சரிந்தது. ஜெராக்ஸும் சரிந்தது. வெஸ்லியனும் பெல்ட்டை இறுக்க வேண்டி வந்தது. பிரவுன் அதற்குள் கலிபோர்னியாப் பக்கம் போய்விட்டார். ஆனாலும் நம் வகுப்புகளை மூடவில்லை. 1975-ல் விசுவநாதன், சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைத் தலைவராக ஏற்கெனவே இருந்தவர், வெஸ்லியனில் மாணவராகி டாக்டர் பட்டம் வாங்கி, பிறகு அங்கேயே பாட்டும் குழலும் சொல்லிக்கொடுத்தார். தலைவராக இருந்தவர் மறுபடி மாணவராக உட்காருவது நம்மூர் ஆபீசில் நடக்கிற காரியமா? கச்சேரியில் குழலை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த வரியை வாயால் பாடுவார், மறுபடி குழல். வார்த்தை தெரியாமல் வாசிக்கக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம்.

என் நண்பர் ஒருவர், வங்கியில் காஷியர், விடாமல் டிசம்பர் கச்சேரி கேட்கிறவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்: "அதெல்லாம் சரிப்பா, செமஸ்டர் வச்சுக் கத்துக்கிற விஷயமா இது? திங்கள், புதன் மூணு மணிக்கு வந்து தோடியைக் கத்துக்கிட்டுப் போக முடியுமா?"

நியாயமான கேள்வி. முடியாது. பதினாலு வாரத்தில் சரளி வரிசையும் ஒன்றிரண்டு கீதமும் தாண்டினால் பெரிசு. அங்கே சேருகிற பையன்களில் பெரும்பாலோர் இயற்பியலோ பொருளாதாரமோ படித்துக்கொண்டே ஒரு 'கிரெடிட்'டுக்காக எட்டிப் பார்க்கிறவர்கள். நமக்கு டெபிட், கிரெடிட் தெரியும். அவர்களுக்குக் கிரெடிட் மட்டும்தான். ஆனால் எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர்தான் ஹிக்கின்ஸ். இன்னொருவர் டேவிட் நெல்சன். ரங்கநாதனிடம் வருஷக்கணக்காக மிருதங்கம் கற்று, அதிலேயே டாக்டர் பட்டம் வாங்கி, குருவின் இடத்தில் உட்கார்ந்து கற்பித்தார். 2008-ல் சொல்கட்டுக்கு ஒரு பாடப்புத்தகமே போட்டார். 'தக திமி'யை வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, யாரும் படிப்படியாகக் கற்றுக்கொள்கிற மாதிரி. நம் வித்வான்கள் மடியில் போட்டுத் தட்டிச் சொல்லிக்கொடுத்ததைக் காகிதத்தில் இறக்க முடியுமா என்றால், பாதிதான் இறங்கும். மீதிப் பாதிக்கு எதிரே ஆள் வேண்டும். அந்த ஆளையும் சேர்த்துத்தான் வெஸ்லியன் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. நம் பல்கலைக்கழகங்களிலும் இதே செமஸ்டர்தானே நண்பரே, கட்டடம் வேறு ஒழுகுகிறது.

1984 அந்தக் குடும்பத்துக்குக் கொடுமையான வருஷம். பிப்ரவரியில் சென்னையில் பாலசரஸ்வதி காலமானார். டிசம்பர் 7-ம் தேதி, மிடில்டவுனில் நாயை நடத்திக் கூட்டிக்கொண்டு போன ஹிக்கின்ஸை, குடித்துவிட்டு வண்டி ஓட்டி வந்த ஒருவன் மோதிவிட்டான். ஹிக்கின்ஸுக்கு வயது 45. சங்கீதக்காரனுக்கு அது நடுவயதுகூட இல்லை, செம்மங்குடியும் எம்.டி. ராமநாதனும் எந்த வயதில் எப்படிப் பாடினார்கள் என்று யோசித்தால் நாம் எதை இழந்தோம் என்று தெரியும். அந்த 'எந்தரோ'வுக்கு இன்னும் முப்பது வருஷம் வயதாகியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

1987-ல் ரங்கநாதன் போனார். விசுவநாதனுக்கு 1988-ல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது. 1992-ல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது. இந்திய இசைக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. 2002 செப்டம்பரில் அவரும் மறைந்தார். அத்தோடு கடையைக் கட்டிவிடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கட்டவில்லை. அவருடைய சீடர் பி. பாலசுப்பிரமணியன் பாட்டு வகுப்பை எடுத்துக்கொண்டார்.

எழுபதுகளில் ஆரம்பித்த நவராத்திரி விழா ஒன்று அங்கே உண்டு. அந்தச் சமயத்தில் கனெக்டிகட் மரங்களில் இலையெல்லாம் சிவப்பாகி உதிரத் தொடங்கியிருக்கும். க்ரோவல் கூடத்தில் பாட்டும் நாட்டியமும் முடிந்து, விழாவின் கடைசிக் கட்டமாக நாற்காலி இல்லாத அந்த வேர்ல்ட் மியூசிக் ஹாலில் சரஸ்வதி பூஜை. வருகிறவர்கள் தங்கள் வாத்தியங்களையும் புத்தகங்களையும் எழுதிய கையெழுத்துப் பிரதிகளையும் கொண்டுவந்து பூஜையில் வைக்கலாம் என்று அழைப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். மிருதங்கம், வீணை, கிடார், சாக்ஸபோன், எவனோ பாதி எழுதி முடித்த ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாவற்றுக்கும் குங்குமம். பின்னால் ஜாவா கோங்குகள் பளபளவென்று வரிசையாக நின்றுகொண்டிருக்கும். அவற்றுக்கும் ஒரு பொட்டு வைத்தார்களா என்று அங்கே படிக்கும் நம் பையன்கள் யாராவது எழுதினால் தேவலை.